ஒரு புள்ளியும் எடுக்காத ஓக்ஸ்

ஹனோவரில் மிதுசாவின் வீட்டுக்குக் கீழ்த்தளத்தில் ஓக்ஸ் என்ற முதியவர் இருந்தார். வயது தொண்ணூற்று மூன்று. எழுபது வருடங்களுக்கு முன் அமெரிக்கக் கால்பந்தைத் தொழிலாகவே ஆடியவர். அந்தப் பந்து முட்டை மாதிரி இருக்கும். அதைக் கையில் அணைத்துக்கொண்டு ஓட வேண்டும். பெயரில் மட்டும்தான் கால்!

அவருடைய பத்து விரல்களில் ஒன்றுகூட நேராக இல்லை. ஒன்பது வருட ஆட்டம் வளைத்த விரல்கள். முகத்துக்குக் கம்பியில்லாத தலைக்கவசத்தோடு ஆடினாராம். ஆட்டம் இல்லாத மாதங்களில் செங்கல் சூளையில் வேலை செய்தாராம். அந்த விரல்களை மிதுசா ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்ப்பாள்.

சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் ‘எனக்குப் பிடித்த வீரர்’ பற்றிப் பேச வேண்டும். உங்களைப் பற்றித்தான் பேசப்போகிறேன் என்று மிதுசா ஓக்ஸிடம் சொன்னதும், சட்டைக்கு இஸ்திரி போட்டு, பழைய பந்தையும் எடுத்துக்கொண்டு அவரும் வந்துவிட்டார்.

அவள் பேசத் தொடங்கியதுமே கூடப் படிக்கும் அபிஷன் கைபேசியில் அவர் பெயரைத் தேடினான்.

"ஒன்பது வருசத்திலை ஒரு புள்ளிகூட எடுக்கேல்லையாம்," என்றான்.

பிள்ளைகள் சிரித்தார்கள். ஓக்ஸுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் சிரிப்புப் புரியும். அவர் விரல்களை மேசைக்குக் கீழே மறைத்துக்கொண்டார்.

மிதுசா எழுதி வந்த தாளை மடித்து வைத்தாள்.

"தேரிலை வடம் பிடிக்கிற ஆக்களைத்தான் எல்லாரும் படம் எடுப்பினம்," என்றாள். "சில்லுக்குக் கீழை கட்டை போட்டுத் திருப்பிற எங்கட அப்பாவை ஒருத்தரும் எடுக்கிறேல்லை. அவர் இல்லாட்டித் தேர் திரும்புமோ? இவரும் அப்பிடித்தான், பந்தோடை ஓடுறவனுக்கு முன்னாலை போய் மறிக்கிறதுதான் இவற்றை வேலை."

பிறகு பந்தை அபிஷனிடம் கொடுத்து, மறித்து நிற்கும் நான்கு பேரைத் தாண்டிப் போய்ச் சுவரைத் தொடச் சொன்னாள். வகுப்பில் அவனைவிட வேகமாக ஓட ஆளில்லை. ஆனாலும் இரண்டு தரமும் பிடிபட்டான்.

மூன்றாம் தரம் மிதுசா அவனுக்கு முன்னால் ஓடினாள். நால்வரையும் தோளால் மறித்தாள். நால்வரும் அவள் மேலேயே விழ, அபிஷன் புகுந்து ஓடிச் சுவரைத் தொட்டான். எல்லோரும் கைதட்டினார்கள். சந்திரகாந்தி ரீச்சர் கரும்பலகையில் ‘அபிஷன் – 1’ என்று எழுதினார்.

ஓக்ஸ் மட்டும் ஓடியவனைப் பார்க்கவில்லை. கீழே கிடந்த மிதுசாவைப் பார்த்தே, அந்தக் கோணல் விரல்களால் கைதட்டினார்.

அபிஷன் அந்த விரல்களைப் பார்த்தான். மிதுசாவின் உரசிய முழங்காலையும் பார்த்தான். போய்க் கரும்பலகையில் தன் பெயரை அழித்து ‘மிதுசா – 1’ என்று எழுதினான். அதற்குக் கீழே ‘ஓக்ஸ்’ என்று எழுதிவிட்டு, வெண்கட்டியோடு அப்படியே நின்றான்.

"ஒன்பது வருசம்," என்றான் மெதுவாக. "எத்தனை எண்டு போடுறது?"