மிதப்பூருக்கு அரிசி

காலை பத்து மணிச் சங்கு ஊதியதும் வேதமாணிக்கம் சிவப்புத் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு குனிந்தார். நீடாமங்கலத்தின் பழைய ரயில்வே சரக்குக் கொட்டகைக்கு இப்போது உழைப்பரங்கம் என்று பெயர். சுற்றிலும் படிப்படியாக இருக்கைகள், நிறைய ஜனம். கிழக்கு வாசலில் மூட்டையை முதுகில் ஏற்றி, மேற்கு வாசலில் நிற்கும் சரக்குப் பெட்டியில் இறக்க வேண்டும். நாட்டில் சுமை என்று எது இருந்தாலும் தானியங்கிகளே தூக்கின. வேர்வை சிந்தும் மனிதனைப் பார்க்க டிக்கெட் எடுத்துத்தான் வரவேண்டியிருந்தது.

வேடிக்கை பார்க்கிறவன் பார்த்துவிட்டுப் போகட்டும், அவருக்கென்ன? அரிசி நிஜம். கடல்மட்டம் ஏறி வீடிழந்தவர்கள் குடியேறிய மிதக்கும் ஊரான மிதப்பூருக்கு அது போகிறது. உப்புக்காற்றில் தானியங்கிகள் பழுதாகிவிடும், அந்த ஊர்ச் சரக்கு மட்டும் இன்னும் கைச்சுமைதான் என்று மேஸ்திரி பக்கிரிசாமி சொல்லித்தான் வேலைக்கு வந்தார். மகள் ஸ்டெல்லா அங்கேதான் இருக்கிறாள். வாரா வாரம் பேசுவாள். "மூட்டை வந்துருச்சுப்பா. நீங்க தூக்குன அரிசிதான் இன்னைக்குச் சோறு." அன்று முழுக்க அவருக்குக் கால் தரையில் பாவாது.

ஏழாவது மூட்டையில் கை நின்றது. நேற்று ஓரம் கிழிந்த மூட்டை ஒன்றுக்குத் தன் துண்டிலிருந்து நூல் உருவி முடிச்சுப் போட்டு மேற்கே ஏற்றியிருந்தார். அதே சிவப்பு முடிச்சு கிழக்கு வாசலில் கிடந்தது.

"பக்கிரி, இது எப்படிடா திரும்பி வந்துச்சு?"

முப்பது வருஷக் கூட்டாளி முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"பெட்டிக்குக் கீழ நகர்பட்டை ஓடுதுடா. அந்தப் பக்கம் இறக்குறது இந்தப் பக்கம் வந்துரும். மூணு வருஷமா அதே அறுபது மூட்டைதான்."

"அப்ப மிதப்பூருக்கு?"

"அங்கெல்லாம் வான்வண்டி கொண்டுபோய்ப் போட்டுருது."

"நேத்துகூட ஸ்டெல்லா மூட்டை வந்துச்சுன்னாளே!"

"அவதான்டா இந்த ஏற்பாட்டையே கேட்டா. வேலை போன பிறகு நீ சுவரைப் பாத்தே உக்காந்திருந்தே. ஏதாவது பொய் சொல்லியாவது அப்பாவை மூட்டை தூக்க விடுங்க மாமான்னு அழுதா."

பக்கிரி ஏமாற்றியதையாவது என்றைக்காவது மன்னித்துவிடலாம். பெற்ற மகள் சோற்றைச் சொல்லி ஏமாற்றியிருக்கிறாளே! வேதமாணிக்கம் அந்த மூட்டையை இழுத்துப் போட்டு அதன்மேலேயே உட்கார்ந்தார்.

"இனிமே ஒரு மூட்டை தொடமாட்டேன்!" என்று கத்தினார்.

கூட்டம் திகைத்துப்போனது. உடனே அரங்கின் அறிவிப்புக்குரல் இனிமையாக ஒலித்தது. "பார்வையாளர்களே, இப்போது நீங்கள் காண்பது வேலைநிறுத்தம்."

எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். அவர் அழத் தொடங்கியதும் கைதட்டல் இன்னும் பலமானது.