எந்தக் கம்பம்

"எந்தக் கம்பம்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்ல நீங்க—"

"என்னத்தக் கேக்குறது? இந்த ஊர்ல கம்பம்னா—"

"பச்சப்புள்ள லீலா சொல்லிட்டுப் போகுது. எருமைக்குத் தண்ணி காட்டிக்கிட்டு நின்னீங்களாக்கும்!"

"சுண்ணாம்புக் கம்பந்தான்டி! நாலு கொட்டில் தள்ளி. 'அத்தை கூப்பிடுது, கம்பத்துக்குப் போறோம்'னு சொல்லுச்சு; அது அத்தைன்னு கூப்புடுற தங்கந்தான் கூட்டிட்டுப் போயிருக்கும். பின்னே, நம்ம ஊரு கம்பத்துக்கா கப்பலேறிடுவா?"

சொல்லிவிட்டு மருதப்பன் சிரிக்கவும் செய்தான். அவன் மனைவி சந்திரமதிக்குச் சிரிப்பு வரவில்லை. சிங்கப்பூரில் மலாய்க்காரர் குடியிருப்பைச் சொல்லும் சொல்லைத் தமிழரும் கம்பம் கம்பமென்றே பழக்கிவிட்டிருந்தார்கள். அவர்கள் பிறந்த கம்பமோ கடலுக்கப்பால், மேற்குமலை அடிவாரத்தில், நெல்லும் கொடிமுந்திரித் திராட்சையும் விளைகிற பள்ளத்தாக்கில் கிடந்தது.

அந்த நேரம் பார்த்துத் தயிர்ப்பானையோடு தங்கமே வாசலில் வந்து நின்றாள்.

"லீலாவா? நான் இன்னைக்கு அவளைக் கண்ணால பாக்கலையே, தாயி."

மருதப்பன் துண்டை உதறிக்கொண்டு சிராங்கூன் சாலைப் பக்கம் ஓடினான். சந்திரமதி சுண்ணாம்புக் கம்பத்தை நோக்கி ஓடினாள்.

காலையில் குழந்தையின் உள்ளங்காலில் ஊதாக்கறை இருந்தது. மங்குஸ்தீன் பழத்தோலை மிதித்திருப்பாள் என்று சாம்பல் போட்டுத் தேய்த்தாள்; போகவில்லை. "அத்தை மிதிக்கச் சொல்லிக் குடுத்துச்சும்மா" என்றது பிள்ளை. தேய்த்த அவசரத்தில் அது காதில் ஏறவில்லை. இப்போது ஏறியது.

லீலாவுக்குச் சொந்த அத்தை என்றால் மருதப்பனின் அக்காள் பூவம்மா. ஊரில் பாதிரியார் தோட்டத்துப் பந்தலில் கறுத்துத் தொங்கும் திராட்சைக் குலைகளை அறுத்துக் கூடையில் சுமந்து, நிலவறைத் தொட்டியில் கொட்டி, சேலையை முழங்காலுக்கு மேல் சொருகிக்கொண்டு பூவம்மாவும் சந்திரமதியும் கைகோத்துத் திராட்சை மதுவுக்காக மிதிப்பார்கள். வழுக்காமலிருக்க ஒருத்தி கையை ஒருத்தி விடுவதில்லை. மிதித்த பழம் நுரைத்துப் பொங்கத் தொடங்கிவிட்டால் தொட்டிக்குள் மூச்சைக் குடிக்கிற ஆவி நிற்கும்; விளக்கை இறக்கி, அணைகிறதா என்று பார்க்காமல் எவரும் இறங்கமாட்டார்கள். இவர்கள் கப்பலேறிய பிறகு பூவம்மா ஒருத்தியாக இறங்கினாளாம். ஏறி வரவில்லை. லீலா பிறக்குமுன் நடந்த சாவு. அப்படியோர் அத்தை இருந்ததையே அவளிடம் யாரும் சொன்னதில்லை.

மழை தூறியது. எருமைச் சாணமும் ஈரப் புல்லும் நாறுகிற சந்தில், அவற்றுக்கெல்லாம் அடியில், புளித்துக் கனிந்த இன்னொரு வாடை வந்தது. இந்தத் தீவில் காய்க்காத பழத்தின் வாடை. கம்பத்துச் சுண்ணாம்புச் சூளையை நெருங்க நெருங்க அது தொண்டைக்குள் இறங்கியது.

சூளையில் ஆளில்லை. கிளிஞ்சல் குவியல். அத்தாப்பு ஓலைக் கூரையின் கீழ் வெள்ளைப் பொடி படிந்த தரை. அதில் சின்னப் பாதங்கள். ஊதா. போகிற தடம் மட்டும்.

"லீலா!"

சுண்ணாம்பு நீற்றும் குழியில் ஏதோ கொப்பளிக்கும் சத்தம். அதற்கிடையே இன்னொன்று. சளக். சளக்.

எட்டிப் பார்த்தாள்.

குழிக்குள் லீலா நின்றாள். முழங்கால்வரை கொதிக்கிற சுண்ணாம்பு. அழவில்லை. மிதித்தாள். இடது. வலது. இடது. கால் பட்ட இடமெல்லாம் வெள்ளை கிழிந்து ஊதா ஊறியது. வலக்கை மட்டும் தலைக்குமேல் உயர்ந்திருந்தது. விரல்கள் எதையோ இறுகப் பற்றியிருந்தன. அங்கே ஆவி மட்டுந்தான்.

"கையை விடு, கண்ணு. அம்மாகிட்ட வா."

லீலா நிமிர்ந்தாள். அவள் பார்வை தாயின் முகத்தில் நிற்காமல் கீழே இறங்கி, அடிவயிற்றில் நின்றது. சந்திரமதியின் உள்ளங்கை தானாக அங்கே போய்ப் பொத்திக்கொண்டது. நாள் தள்ளிப்போயிருப்பதை அவள் மருதப்பனிடம்கூட இன்னும் சொல்லவில்லை.

"விட்டா அத்தை விழுந்திரும்மா. நீயும் எறங்கு, தம்பியையும் கூட்டிட்டு வரச் சொல்லுது."