காலி அறையின் படம்

கணினித் திரையில், கற்பூரவல்லிச் செடிக்குப் பக்கத்தில், கொஞ்சம் புள்ளிகள் அதிகமாக இருந்தன. மடக்கிய முழங்கை மாதிரி ஒரு வளைவு.

மஹதி கண்ணைக் கசக்கிக்கொண்டு அறையைப் பார்த்தாள். அடையாறில் மரங்களுக்கு நடுவே இருந்த ஆராய்ச்சிக்கூடத்தின் கடைசி அறை அது. ஜன்னல்களில் கறுப்புக் காகிதம் ஒட்டியிருந்ததால் நடுப்பகலிலும் கும்மிருட்டு; இலை ஆடிவிடக் கூடாதென்று மின்விசிறியையும் நிறுத்தியாயிற்று. மயிலாப்பூர் வீட்டு மொட்டைமாடியிலிருந்து பஸ்ஸில் மடிமேல் வைத்துக் கொண்டுவந்த செடியின் மேல், லேசரின் சிவப்புக் கோடு மேலிருந்து கீழாக ஊர்ந்து இறங்க, ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு தூரத்தில் இருக்கிறதென்று கேமரா அளந்துகொண்டே வரும். கிட்டத்தில் இருப்பது வெள்ளையாகவும் தள்ளி இருப்பது கறுப்பாகவும் திரையில் வரி வரியாக விழும். புழுக்கத்தில் இலைவாசனை தொண்டையை அடைத்தது. செடிக்குப் பக்கத்தில் ஒன்றுமில்லை. மூலையில் பழைய முக்காலி ஒன்று கிடந்தது.

காலி அறையின் படம் பழுதாகியிருக்குமோ? செடியை மட்டும் தனியே பிரிக்க அதுதான் வழி. செடி இல்லாமல் அறையை ஒரு தடவை படமெடுத்து வைத்துவிட்டால், அதில் இருந்ததையெல்லாம் பிறகு வரும் படங்களிலிருந்து கணினி கழித்துவிடும். மிச்சம் நிற்பது செடி. அந்தக் காலி அறைப் படத்தைப் பரத்வாஜே எடுத்துக் கொடுத்திருந்தான். கூட வேலை பார்ப்பவன். தையில் அவளுக்குத் தாலி கட்டப்போகிறவன். "இந்த ரூமை நீயே வெச்சுக்கோ மஹதி, நான் கீழே போயிடறேன். காலி ரூமையும் எடுத்து வெச்சுட்டேன். அதைத் திறந்து நோண்டிண்டிருக்காதே, என்ன?" என்றிருந்தான். என்ன கரிசனம் என்று பூரித்துப்போயிருந்தாள், பைத்தியக்காரி.

அதைத் திறந்தாள்.

சுவர் வந்தது. மூலை வந்தது. முக்காலி வந்தது. முக்காலியில் ஒன்று உட்கார்ந்திருந்தது.

முழங்கால்மேல் கைகளை வைத்து, கேமராவையே பார்த்தபடி. கண்கள் இருக்கவேண்டிய இரண்டு இடமும் கறுப்பு. பின்னாலிருந்த சுவரைவிடக் கறுப்பு.

இத்தனை நாளும் கணினி அதையும் சேர்த்துக் கழித்துவிட்டுத்தான் செடியைக் காட்டியிருக்கிறது. அது அசையாமல் உட்கார்ந்திருந்தவரை தெரியவில்லை. இன்று எழுந்துவிட்டது.

அவள் ஓடினாள். கேமரா நின்ற ஸ்டாண்டில் கால் இடறியது. லேசரோடு கேமரா கதவுப் பக்கம் திரும்பிக்கொண்டது. கதவு திறக்கவில்லை. யாராவது திறந்து வெளிச்சம் உள்ளே வந்துவிடக் கூடாதென்று, அவள் வேலை முடிக்கும்வரை வெளியே தாழ்ப்பாள் போடுவது பரத்வாஜின் வழக்கம்.

"பரத்! கதவைத் திற! உள்ளே என்னமோ இருக்கு!"

வெளியே செருப்புச் சத்தம் வந்து நின்றது.

"பார்த்துட்டியா?" என்றான்.

"உனக்குத் தெரியுமா?"

"அது என்னோட ஆத்துக்கே வந்துண்டிருந்தது மஹதி. நீ அங்கே உட்கார ஆரம்பிச்சப்புறம்தான் என்னை விட்டுது." குரல் உடைந்தது. "அதுக்கு யாராவது ஒருத்தர் இருந்தாகணும். நான் என்ன பண்ணுவேன், சொல்லு?"

"அடப்பாவி! உன்னை நம்பினேனேடா!"

செருப்புச் சத்தம் படியிறங்கிப் போனது. தாழ்ப்பாள் அப்படியே இருந்தது. அழுகைகூட வரவில்லை அவளுக்கு. மனசு விட்டுப்போயிற்று.

கதவில் முதுகை ஒட்டித் திரும்பினாள். எதிரே இருட்டு. ஆள் இல்லை. தூரத்தில் திரை மட்டும் ஒளிர்ந்தது.

லேசர் மறுபடி மேலிருந்து தொடங்கியது. சிவப்புக் கோடு கதவில் விழுந்தது. அவள் நெற்றியில் ஊர்ந்தது.

திரையில் வரி வரியாக. கதவு, கறுப்பாக. அடுத்து அவள் முகம் வரவேண்டும்.

வரவில்லை.

அந்த இடத்தில், கேமராவுக்கு அவளைவிடக் கிட்டத்தில், வெள்ளை வெளேரென்று ஒரு பின்னந்தலை.

கற்பூரவல்லி வாசனை, சில்லென்று, மூச்சாக அவள் உதட்டில் பட்டது.

கோடு இறங்கியது. அவள் கழுத்துப் பக்கம் தூக்கிய இரண்டு முழங்கைகள் வந்தன.