கூடை நிறைந்தால் தூக்கம்

பூங்குழலிக்கு இடுப்பு கழன்று விழுந்துவிடும் போலிருந்தது. ஆறாம் வகுப்புப் படிக்கிறவளுக்கு இடுப்பு வலிக்குமா என்று கேட்காதீர்கள். காலையிலிருந்து குனிந்தே கிடந்தால் யாருக்கும் வலிக்கும்.

சிங்கவரத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கி முடித்த வயலில், மண்ணுக்குள் தப்பிக் கிடக்கும் காய்களை யார் வேண்டுமானாலும் கிளறி எடுத்துக்கொள்ளலாம். அதற்குப் பெயர் தப்புக்காய். அந்தச் சனிக்கிழமை அவளும் அம்மா ஜெயக்கொடியும் களைக்கொத்தோடு வந்திருந்தார்கள். மழை இல்லாமல் மண் கல்லாக இறுகியிருந்தது.

"கூட நெறஞ்சா நாளைக்கு வர வேணாம். நல்லாத் தூங்குவேன்" என்று அம்மா சொல்லியிருந்தாள். வாரமெல்லாம் கூலிக்குக் களை எடுப்பவள். விடிந்த பிறகு அவள் எழுந்து பூங்குழலி பார்த்ததே இல்லை.

அதனால் கூடை நிறைந்தே ஆக வேண்டும். உச்சிவேளையாகியும் பாதிதான் வந்திருந்தது.

"ஏம்மா, எங்க தமிழ் புக்குல ஒருத்தர் ஓயாம உழைப்பாரு. கடைசியில ராஜா அவருக்குப் பட்டும் பொன்னும் குடுப்பாரு. நமக்கு இன்னா குடுப்பாங்க?"

"அவருக்கு முட்டி வலிச்சிதுன்னு எழுதியிருக்குதா?"

"இல்ல."

"அப்ப எழுதனவரு தப்புக்காய் பொறுக்கல."

கூழைக் குடித்துவிட்டு வேப்பமரத்தில் சாய்ந்த அம்மா, அப்படியே உறங்கிப்போனாள். பூங்குழலி எழுப்பவில்லை. தனியாகவே கிளறினாள். உள்ளங்கையில் கொப்புளம் உடைந்தது. அந்தப் பாடத்தின் மேல் அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது.

அப்போது பக்கத்து வீட்டு ரஞ்சித் வந்தான். நாள் முழுக்க ஓணான் துரத்தியவன். அவனுடைய சின்னக் கூடை நிரம்பி வழிந்தது. சட்டை மடிப்பிலும் காய்.

"எப்பட்றா?"

"எலி வளை. ஒரே எடத்துல சேத்து வெச்சிருந்துச்சி."

"உழைச்சது நீயா, எலியா?"

"எலிதான்" என்று ரஞ்சித் ஒப்புக்கொண்டான். "இன்னும் கெடக்குது. என் கூடையில புடிக்கல."

பூங்குழலி இரண்டு கூடைகளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"கூடைய மாத்திக்கலாமா? காய் அவங்கவங்களது."

ரஞ்சித்துக்குக் கொண்டாட்டம். பெரிய கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடினான். பூங்குழலியின் பாதிக்கூடைக் காய், சின்னக் கூடையில் கோபுரமாக நின்றது.

ராஜகிரி மலைப் பக்கம் வெயில் இறங்கும்போது அம்மா கண் விழித்தாள்.

"இது நம்ம கூடையா?"

"கூட நெறஞ்சாப் போதும்னுதானே சொன்ன?"

அம்மா கூடையைப் பார்த்தாள். மகளின் உள்ளங்கையை விரித்துப் பார்த்தாள்.

"நெறஞ்சிதான் இருக்குது" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

மறுநாள் காலையில், அம்மாவோடு வயலுக்குப் போகும் அம்மாக்கண்ணு அக்கா வாசலில் நின்று கூப்பிட்டார். "ஜெயக்கொடி, வயலுக்கு வரலயா?"

பூங்குழலி வெளியே ஓடினாள். "மெதுவாப் பேசுங்கக்கா. அம்மா தூங்குது."

"மணி எட்டாவுதே, உடம்புக்கு இன்னா?"

"ஒண்ணுமில்ல. சும்மா தூங்குது."

அப்படிச் சொல்வதே அவளுக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. கதவைச் சாத்திவிட்டு, அவளும் அம்மா பக்கத்தில் படுத்துக்கொண்டாள்.