தாய்மாமன் ஓட்டி வந்த சீர்

செழியனுக்கு ஒன்றரை வயது. ஆவணி மாதம் அவனுக்குக் காது குத்தப் போகிறார்கள். அதைப் பற்றி அவனுக்கு ஒரு கவலையும் இல்லை. கவலையெல்லாம் அவன் அக்கா எழில்மதிக்குத்தான். அவள் ஆறாம் வகுப்பு படிக்கிறாள்.

காரணம், கொட்டகையில் நின்ற செவலை மாடு.

செவலை நல்ல மாடு. கொஞ்சம் கோபக்காரி, அவ்வளவுதான். அதன் பால் தினமும் சொசைட்டிக்குப் போகும். வீட்டுக்கு அரிசி, பருப்பு, எழில்மதியின் நோட்டு எல்லாம் அந்தப் பாலில்தான் வந்தன. அப்பா வெற்றிவேலுக்குக் கூலி வேலை. மழை பெய்தால் அதுவும் இருக்காது.

அந்தச் செவலையை விற்றுத்தான் காதுகுத்து நடத்தப் போவதாக அப்பா சொல்லிவிட்டார்.

"தெரு முழுக்கப் பந்தல். செண்டை மேளம். முக்குல பெரிய பேனர். ரிஷிவந்தியம் ஊரே அசந்து போவணும்!"

"பாலுக்கு இன்னாப்பா பண்றது?"

"அப்புறம் பாத்துக்கலாம் கண்ணு. உன் மாமா டிராக்டர்ல சீர் ஏத்திக்கினு வராரு. நாம நாலு கீத்துக்கு நடுவுல நின்னா அவருக்கு அசிங்கமா இருக்காதா?"

அக்கா பிள்ளைக்குக் காது குத்தும்போது தாய்மாமன் வரிசையாகக் கொண்டு வருவதுதான் சீர். பிள்ளையை அவர் மடியில் வைத்துத்தான் காது குத்துவார்கள். அன்றைக்கு அவர் வைத்ததே சட்டம்.

'அப்புறம் பாத்துக்கலாம்' என்பது எழில்மதிக்குப் பழக்கமான பேச்சு. அவளுக்குக் காது குத்தியபோதும் அப்பா அதையேதான் சொன்னாராம். அப்போது அவர்களுக்குக் கொல்லை என்று ஒரு துண்டு நிலம் இருந்தது. இப்போது அதில் வேறொருவர் மக்காச்சோளம் போட்டிருக்கிறார். அப்பா அங்கே களை வெட்டக் கூலிக்குப் போகிறார். அவர் களைவெட்டியோடு கிளம்புவதைப் பார்த்தாலே எழில்மதிக்குத் தன் தோட்டைக் கழற்றி எறியலாம் போல இருக்கும்.

சனிக்கிழமை அம்மா அம்சவள்ளி, வெற்றிலை பாக்கோடு மாமாவை அழைக்கப் புறப்பட்டாள். எழில்மதியும் கூடப் போனாள். மாமா அஜித்குமாரின் ஊர், திருக்கோவிலூர் பக்கம்.

அம்மா நேரே சமையல்கட்டுக்குப் போய்விட்டாள். எழில்மதி கொல்லைப்பக்கம் ஓடினாள். அங்கே மாமா ஒரு பெரிய மீசைக்காரரின் துண்டுக்கு அடியில் கையை விட்டுக்கொண்டு நின்றார்.

"இன்னா மாமா, அவர் கையைப் புடிச்சிக்கினு நிக்கிறீங்க?"

மாமா சட்டென்று கையை இழுத்துக்கொண்டார். மீசைக்காரர் மாட்டுத் தரகர். துண்டுக்கு அடியில் விரலைத் தொட்டுத்தான் மாட்டு விலை பேசுவார்கள்.

"உழவு மாட்டையா விக்கறீங்க?" எழில்மதி கத்தியேவிட்டாள். டிராக்டர் நுழையாத துண்டுக் கொல்லைகளில் அந்த ஜோடியை ஓட்டித்தான் மாமா பிழைக்கிறார்.

"மெதுவா பேசு. உங்கம்மாவுக்குத் தெரிய வேணாம்," என்றார் மாமா. "உங்கப்பா தெரு முழுக்கப் பந்தல் போடறாரு. செண்டை மேளம் வேற. நான் மூணு தட்டோட வந்து நின்னா, அவரு மூஞ்சியை எங்க கொண்டு போய் வெச்சிப்பாரு?"

எழில்மதிக்குச் சிரிப்பு வந்தது. அழுகையும் வந்தது. எதை முதலில் விடுவது என்று தெரியவில்லை.

"மாமா, உங்க சீருக்குத் தோதா இருக்கணும்னுதான் அப்பா பந்தலே போடறாரு. அதுக்குச் செவலையை விக்கப் போறாரு!"

மாமா வைக்கோல் மேல் தொப்பென்று உட்கார்ந்துவிட்டார்.

"என் சீருக்கா? அட கடவுளே! நான் அவரு பந்தலுக்காகத்தானே விக்கறேன்!"

தரகர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "வர்ட்டா?" என்றார். போகும்போது சிரித்துக்கொண்டே போனார்.

மாமா தலையைச் சொறிந்தார். "இப்ப சீரைக் கம்மி பண்ணலாம்னா யாரு மொதல்ல சொல்றது? நானும் சொல்ல மாட்டேன், அவரும் சொல்ல மாட்டாரு."

எழில்மதி கட்டியிருந்த உழவு ஜோடியைத் திரும்பிப் பார்த்தாள்.

"மாமா, சீர்ல மாடு ஓட்டிக்கினு வரலாமா?"

"ஓ, வரலாமே."

"சீரா வந்த மாட்டை விக்கலாமா?"

"வித்தா தாய்மாமனை அவமானப்படுத்தின மாதிரி ஆயிடும்."

"அப்ப செவலையையே ஓட்டிக்கினு வாங்க!"

மாமா அவளையே பார்த்தார். பிறகு விழுந்து விழுந்து சிரித்தார். உடனே அப்பாவுக்குப் போன் போட்டார்.

"மாமா, இந்தத் தடவை ஒரே சீர்தான். ஆனா பெருசு. பந்தலைத் தெருவுல போட்டு அடைச்சிடாதீங்க, உள்ள நுழையாது. மேளமும் வேணாம், மிரளும்."

"மிரளுமா?" என்றது அப்பாவின் குரல். "சீரா மிரளும்?"

"நான் வர்ற வரைக்கும் செவலையை யாருக்கும் குடுத்துடாதீங்க. அதுக்கு நான் ஆள் சொல்றேன்."

தாய்மாமன் கேட்டு எப்படி மறுப்பது? அப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் மேளத்தை நிறுத்தினார். பேனரையும் நிறுத்தினார். வாசலில் மட்டும் நாலு கீற்றுப் போட்டார்.

காதுகுத்து அன்று காலை, எழில்மதி செவலையைப் பின்பக்கமாக ஓட்டிப் போய், ஊர் எல்லையில் காத்திருந்த மாமாவிடம் விட்டாள். இருவரும் அதற்கு மஞ்சள் பூசி, பொட்டு வைத்து, மாலை போட்டார்கள். செவலை மாலையில் பாதியைத் தின்றுவிட்டது. மீதி மாலையோடு தெருவில் நடந்து வந்தது.

பக்கத்து வீட்டு ராஜாம்பாள் அத்தைதான் முதலில் பார்த்தார்.

"வெற்றிவேலு! உன் மாடு மாலை போட்டுக்கினு தெருவுல வருது பாரு!"

மாமா நேரே வந்து கயிற்றை அப்பாவிடம் நீட்டினார். "இந்தாங்க மாமா, சீர்."

"டேய், இது என் மாடுடா!"

"நேத்து வரைக்கும். இனிமே தாய்மாமன் சீர். இதை வித்தீங்கன்னா, நான் இந்த வாசலை மிதிக்க மாட்டேன்."

கூட்டம் சிரித்தது. அப்பாவின் முகம் சிவந்துபோயிற்று. எழில்மதி அவர் பக்கத்தில் போய் நின்றாள்.

"மாமா உழவு மாட்டை விக்க இருந்தாருப்பா. நம்ம பந்தலுக்காக."

"எனக்காகவா?" என்று அப்பா மாமாவைப் பார்த்தார். அவருக்கு வெட்கமும் நிம்மதியும் ஒன்றாக வந்தன. துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு கயிற்றை வாங்கினார். பிறகு அதைக் கையில் இறுக்கிச் சுற்றிக்கொண்டார்.

மாமா மடியில் செழியனுக்குக் காது குத்தினார்கள். அவன் போட்ட சத்தம் நாலு தெருவுக்குக் கேட்டது. செண்டை மேளம் இல்லையே என்று யாருக்கும் தோன்றவில்லை.

பந்தியில் சாப்பிட்டு முடித்ததும் ராஜாம்பாள் அத்தை எழில்மதியைத் தனியாகக் கூப்பிட்டார். அடுத்த முகூர்த்தத்தில் அவர் மகனுக்குக் காதுகுத்து.

"எங்க வூட்ல ரெண்டு வெள்ளாடு இருக்குது. விக்கலாம்னு இருந்தோம்," என்று காதோடு சொன்னார். "ரெண்டுக்கும் பூச மஞ்சா எவ்ளோ ஆவும்?"

"ஒரு பாக்கெட்டே ஜாஸ்தி அத்தை," என்றாள் எழில்மதி.