சேம்பிலைக்கடியில் ஒரு பேரம்

செடி என்றால் வெயிலைப் பார்த்து நிற்கும். தீனதயாளன் வீட்டுப் பின்பக்கத்தில் இருந்த சேம்புச் செடிகள் வீட்டைப் பார்த்து நின்றன.

காலையில் பல் துலக்கும்போதுதான் கவனித்தான். கிழக்கே சுள்ளென்று வெயில். துவைகல்லை ஒட்டிப் பழைய பெயிண்ட் வாளிகளில் வளர்ந்திருந்த செடிகள், யானைக்காது மாதிரி விரிந்த இலைகளைச் சமையலறை ஜன்னல் பக்கமாகச் சாய்த்துக்கொண்டு வெயிலுக்கு முதுகைக் காட்டியிருந்தன. வாளிகளைத் திருப்பி வைத்துவிட்டு மண்டிக்குப் போனான். மத்தியானம் சாப்பிட வந்தபோது அவை மறுபடியும் ஜன்னலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தன. மழை பெய்து பல நாளாகியிருந்தது. இலை நுனிகளில் மட்டும் நீர் திரண்டு, சொட்டு, அப்புறம் இன்னொரு சொட்டு.

கள்ளக்குறிச்சியில் கிழங்கு மண்டி நடத்தும் தீனதயாளன் லேசில் பயப்படுகிற ஆள் இல்லை. பயம் முகத்தில் தெரிந்தால் எதிரில் இருப்பவன் விலையை ஏற்றிவிடுவான் என்று சின்ன வயதிலேயே தெரிந்துகொண்டவன். அதனால் தன் முகத்தில் அதற்கு இடமே ஒதுக்கவில்லை. சாவு வீட்டில்கூட அவன் முகத்தைப் பார்த்து அவன் அழப்போகிறானா, பாடை மூங்கிலுக்கு விலை கேட்கப்போகிறானா என்று சொல்ல முடியாது.

அந்தச் செடிகள் வந்த கதை இவ்வளவுதான். மண்டி மூலையில் விற்காமல் கிடந்த ஒரு மூட்டையிலிருந்து அவன் மனைவி செந்தமிழ்ச்செல்வி கொஞ்சம் சேப்பங்கிழங்கை அள்ளிக்கொண்டு வந்தாள். குக்கர் எத்தனை விசில் அடித்தும் அது வேகவில்லை. தின்ற நாக்கு அரித்தது. மகள் இலக்கியா, கடையில் வாங்கிய கிழங்கை நட்டு வீட்டைச் சுற்றித் தோட்டம் போட்ட யாரையோ போனில் பார்த்திருந்தாள். மிச்சத்தை எடுத்து, சிவப்பாக மூக்கு விட்ட முளை மேலே இருக்கும்படி வாளி மண்ணில் புதைத்து, தினமும் அரிசி கழுவிய தண்ணீரை ஊற்றினாள். விக்காத சரக்கை வைத்து என் மகள் விவசாயம் பண்ணுகிறாள் என்று மண்டி முழுக்கச் சொல்லிச் சிரித்தான் தீனதயாளன்.

எந்த மூட்டை என்று அவன் கேட்கவில்லை. அன்று சாயங்காலம் மண்டியில் காலிச் சாக்கை உதறியபோது, அதன் வாயைத் தைத்திருந்த சிவப்புச் சேலைக் கிழிசல் கையில் பட்டது. அப்படித் தைப்பவள் ஒருத்திதான். மலையில் கிழங்கு விற்கும் கரியாலூர் பாப்பாத்தி.

மலைமேல் சந்தையில் அவன் வாயால் விலை பேசுவதில்லை. அங்கே கிழங்குக்கு வாங்குகிறவனும் விற்கிறவளும் ஒரே துண்டுக்கடியில் கையை விட்டு, விரலைப் பிடித்துப் பேசிக்கொள்வார்கள். சுற்றி நிற்கும் வியாபாரிகளுக்கு விலை தெரியக் கூடாதல்லவா. முழுக் கையையும் பிடித்தால் கேட்டது முழுசாக வேண்டும். வாங்குகிறவன் ஒவ்வொரு விரலாக மடக்கிக் குறைப்பான். கையை அழுத்தினால் பேரம் படிந்தது. விட்டுவிட்டால் முறிந்தது. யார் விட்டாலும், வாங்க வந்தவன் அதே சரக்குக்கு மறுபடி கை நீட்டக் கூடாது. முறை அடுத்து நிற்கிறவர்களுக்குப் போய்விடும்.

பாப்பாத்தியின் கையை அவன் கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடுவான். ஆள்காட்டி விரலில் பாதியை எப்போதோ அரிவாள் வாங்கிக்கொண்டது. உள்ளங்கை சேம்புப் பால் ஊறி மரப்பட்டையாகக் கிடக்கும். அவள் எப்போதும் முழுக் கையைப் பிடிப்பாள். அவன் எப்போதும் நாலு விரலை மடக்கிவிட்டு ஒன்றை நீட்டுவான்.

"ஒத்த விரலுக்கு மேல வரவே மாட்டியாண்ணா நீ?" என்று சிரிப்பாள்.

போன ஐப்பசி மழையில் அவனுடைய குட்டியானை வண்டியில், மூட்டைகள் மேல் உட்கார்ந்து அவளும் இறங்கி வந்தாள். ஒரு வளைவில் வண்டி வழுக்கியது. பாதி மூட்டைகளோடு அவளும் சரிவில் போனாள். காட்டுச் சேம்புக்கு நடுவில், ஒரு வேரைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தாள். அவன் குப்புறப் படுத்துக் கை நீட்டினான். அவள் முழுக் கையையும் பிடித்தாள். அவனும் வழுக்கினான், வழுக்கும்போதே மனசு கணக்குப் போட்டது. சரக்கு வண்டியில் ஆளை ஏற்றியது கேஸ். வண்டி ஸ்டேஷனுக்குப் போகும். இவள் கால் ஒடிந்திருந்தால் ஆஸ்பத்திரி, கோர்ட்டு. பெரிய சேம்பிலை ஒன்று இரண்டு கைகளின் மேலும் துண்டு மாதிரி கவிந்திருந்தது. அதற்கடியில் அவன் அவளுடைய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தான். மழைக்கு நழுவிவிட்டது என்று பிறகு தனக்கே சொல்லிக்கொண்டான். ஊராரிடம், அடிவாரத்தில் இறங்கிக் கேரளாவில் எஸ்டேட் வேலை பார்க்கும் புருஷனிடம் போய்விட்டாள் என்று சொன்னான். எல்லோரும் நம்பினார்கள். வியாபாரி சொன்னால் நம்பும்படிதானே இருக்கும்.

சாக்கை உதறிய அன்று வீட்டுக்கு வந்ததும் அரிவாளை எடுத்துச் செடிகளை அடியோடு சீவினான். மறுநாள் விடிந்தபோது அதே உயரத்தில், அதே இலைகள். ஒன்றுகூடக் கம்மி இல்லை. ஜன்னலுக்கு இன்னும் கிட்டே. அவனுடைய வலது உள்ளங்கை அரிக்கத் தொடங்கியது. புளியைத் தேய்த்தான்; அரிப்பு ஜாஸ்தியாகிக்கொண்டே போனது. வீடெல்லாம் மலைச்சரிவின் ஈர மண் வாடை. செந்தமிழ்ச்செல்வி சாக்கடை அடைத்திருக்கும் என்று ஆளைக் கூப்பிடச் சொல்லிவிட்டு, அண்ணன் வீட்டுக் காதுகுத்துக்கு உதவி பண்ண நைனார்பாளையம் போய்விட்டாள்.

அவள் போன அன்று மத்தியானமே வானம் இருட்டிக்கொண்டு வந்தது. கரண்ட்டும் போயிற்று. சாப்பிட்டுக்கொண்டிருந்தவனிடம் இலக்கியா தன் கையை நீட்டினாள்.

"ப்பா, கைய முழுசா புடிச்சா இன்னா அர்த்தம்?"

அவன் சோற்றைப் பிசைவதை நிறுத்தினான்.

"யாரு சொல்லிக் குடுத்தா?"

"எலைக்குக் கீழ இருக்கற அத்த. அவங்களுக்கு ஒரு விரலு பாதிதான் கீது. உங்கொப்பன் பேரத்த பாதியில வுட்டுட்டுப் போய்ட்டான், வரச் சொல்லுன்னாங்க." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சேர்த்துக்கொண்டாள். "உன்கூட பேரம் முறிஞ்சா, அடுத்த ஆளு நான்தானாம்."

அவளைச் சமையலறையில் உட்காரவைத்தான். கதவை வெளியிலிருந்து தாழிட்டான். கடப்பாறையோடு வாளிகளை நோக்கி நடந்தான். மழை விழத் தொடங்கியிருந்தது. சேம்பிலைகளின் மேல் தபதபவென்று துளிகள் விழுந்து, ஒட்டாமல் பாதரசம் மாதிரி உருண்டு ஓடின. அந்தச் சத்தத்துக்கு நடுவில், இலைகளுக்குக் கீழே, யாரோ மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்கள். ரொம்ப நேரமாகத் தொங்கிக்கொண்டிருப்பவர்கள் வாங்கும் மூச்சு.

கடப்பாறையை ஓங்கினான். மண்ணில் இறங்கவில்லை. பாறையில் பட்டதுபோலத் தெறித்துக் கையை விட்டுப் போனது.

பெரிய இலை ஒன்று மெல்லத் தாழ்ந்தது. துண்டை விரிப்பதுபோல. அவனுக்கு அது புரிந்தது. வேறு யாருக்கும் புரிந்திருக்காது. தானே போய்விடுவது, மகளை விட்டுவிடச் சொல்வது என்று முடிவு பண்ணினான். மனசார. கண்ணில் நீர் வந்தது. இலைக்கடியில் கையை விட்டான்.

பிடித்தது.

ஈரம். மரப்பட்டை. பாதி விரல்.

முழுக் கையையும் பிடித்தது. கேட்டது முழுசாக வேண்டும். அவன் வேறொன்றும் செய்ய வேண்டியதில்லை. ஒரு அழுத்து. அவ்வளவுதான் வேண்டியிருந்தது.

ஆனால் துண்டுக்கடியிலேயே ஆயுசைக் கழித்த கை அது. மனசைக் கேட்கவில்லை. தானாகவே ஒரு விரலை மடக்கியது. இன்னொன்றை. இன்னும் இரண்டை. ஒற்றை விரலை நீட்டியது.

மூச்சுச் சத்தம் நின்றது.

இலைக்கடியில் யாரோ லேசாகச் சிரித்தார்கள். பிடி தளர்ந்தது. விட்டுவிட்டது.

"இல்ல, இரு," என்றான். "முழுசா. முழுசாவே எடுத்துக்கம்மா." இலையைக் கிழித்தான். மண். வெறும் மண். அடுத்த வாளி. மண்.

"ப்பா."

ஜன்னல்.

அத்தனை இலைகளும் அங்கேதான் சாய்ந்திருந்தன. மேலே இருந்த இலை கம்பிகளுக்கு வெளியே கவிந்திருந்தது. அதற்கடியில் இலக்கியாவின் கை. வெளியே. முழங்கை வரைக்கும்.

"ப்பா, முழுசா புடிச்சிக்கினாங்க. நான் அழுத்திட்டேன்."

கம்பிகளுக்கு நடுவே ஒரு பூனை நுழைகிற இடைவெளிகூட இல்லை. அவளுடைய தோள் அதற்குள் வந்துகொண்டிருந்தது. கன்னம் கம்பியில் அழுந்தியிருந்தது. அவள் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாள்.

பாய்ந்து இலைக்கடியில் கையை விட்டு, மகளின் மணிக்கட்டைப் பிடித்தான். பிடித்துவிட்டான். கெட்டியாக. கால் சேற்றில் வழுக்கியது. விடவில்லை.

அப்போது அவன் சுண்டுவிரலின் மேல் ஒரு கை வந்து உட்கார்ந்தது. அவசரமே இல்லாமல் அதைப் பிரித்தது. பிறகு மோதிர விரல். பிறகு நடுவிரல். பிறகு கட்டைவிரல்.

மழை இலையின் மேல் கொட்டிக்கொண்டிருந்தது. அதற்கடியில், மகளின் மணிக்கட்டை ஒற்றை விரலால் பிடித்துக்கொண்டு நின்றான் தீனதயாளன்.