கதவைத் திறக்காதீங்க அத்தை

லுவாங்குவா ஆற்றங்கரை வீட்டின் குளியலறைக்குக் கூரை கிடையாது. நாணல் தட்டியால் நான்கு சுவர், நாணலிலேயே ஒரு கதவு. வீட்டுக்குப் பின்னால், பெரிய முசங்கு மரத்தடியில் அது இருந்தது.

முதிந்தா அத்தைக்கு அந்த இடம் ரொம்பப் பிடித்துவிட்டது. வானத்தைப் பார்த்துக்கொண்டே குளிக்கலாம். எவ்வளவு சத்தமாக வேண்டுமானாலும் பாடலாம்.

விடுமுறைக்காக லுசாக்கா நகரத்திலிருந்து குடும்பமாக வந்திருந்தார்கள். அன்று மதியம் அப்பா, வீட்டுக் காவலாளியோடு படகில் போயிருந்தார். அத்தை குளிக்கப் போனார். பத்து வயது லுயாண்டோ பின்பக்க வராந்தாவில் உட்கார்ந்து, தம்பி சோல்வேக்கு வேர்க்கடலை உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

மரத்தடியில் ஏதோ நொறுங்கும் சத்தம் கேட்டது. லுயாண்டோ நிமிர்ந்து பார்த்தாள். ஒரு பெண் யானை, கூடவே குட்டி. கீழே உதிர்ந்து கிடந்த முசங்கு காய்களைப் பொறுக்கித் தின்றுகொண்டே வந்த யானை, குளியலறைக் கதவுக்கு நேராக நின்றுவிட்டது.

உள்ளே அத்தை பாடிக்கொண்டிருந்தார்.

சோல்வே கத்துவதற்கு வாயைத் திறந்தான். வீட்டுக்குள்ளிருந்து அம்மா ஓடிவந்து அவன் வாயைப் பொத்தினார். பிறகு அவரே அத்தையைக் கூப்பிட வாயெடுத்தார். லுயாண்டோ அம்மாவின் கையைப் பிடித்தாள்.

"கத்தாதீங்கம்மா. நாம கத்தினா அத்தை என்னவோ ஏதோன்னு கதவத் தொறந்துடுவாங்க. குட்டி வேற இருக்கு."

"அப்ப என்னடி பண்றது? குளிச்சு முடிச்சா எப்படியும் வெளிய வருவாங்களே."

லுயாண்டோ யானையைப் பார்த்தாள். அத்தையின் பாட்டை அது கண்டுகொள்ளவே இல்லை. நிம்மதியாகத் தின்றுகொண்டிருந்தது.

அத்தை பாடியது தேவாலயப் பாட்டு. ஒருவர் ஓர் அடி பாடினால், மற்றவர்கள் பதில் அடி பாடுவார்கள். அத்தை ஓர் அடியை முடித்ததும், லுயாண்டோ அதே மெட்டில் பதில் பாடினாள்.

"கதவத் தொறக்காதீங்க அத்தை, வாசல்ல யானை நிக்குது..."

பாட்டு சட்டென்று நின்றது. யானை தலையைத் தூக்கியது. காதுகளை விரித்தது.

லுயாண்டோ விடாமல் அடுத்த அடியைப் பாடினாள்.

"நிறுத்தாதீங்க அத்தை, பாடிக்கிட்டே இருங்க..."

உள்ளேயிருந்து மெல்லிய குரல் அதே மெட்டில் வந்தது.

"பெரிய யானையா, சின்ன யானையா..."

"அம்மாவும் குட்டியும் வந்திருக்கு..."

"தாழ்ப்பாள் வெறும் குச்சிதான், என் கண்ணே..."

யானை காதை மடக்கிக்கொண்டு மறுபடி குனிந்தது. அம்மாவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

அப்போது யானைக்குத் தண்ணீர் வாசம் எட்டிவிட்டது. தும்பிக்கை மெதுவாகச் சுவருக்கு மேலே ஏறி, உள்ளே இறங்கியது. அத்தையின் குரல் அப்படியே அடங்கிப்போனது.

லுயாண்டோ தனியாகப் பாடினாள். "மூலையில உக்காந்துக்கோங்க, தண்ணிய அதுக்கு விட்டுடுங்க..."

உறிஞ்சும் சத்தம் கேட்டது. தும்பிக்கை வெளியே வந்தது, வாய்க்குள் போனது, மறுபடியும் உள்ளே இறங்கியது. கடைசியில் வாளி காலியாகி உருண்டது.

குட்டிக்குச் சலித்துவிட்டது போலிருக்கிறது. அது ஆற்றை நோக்கி ஓடியது. தாய் யானையும் பின்னாலேயே போனது. இரண்டும் கரை இறங்கி மறையும்வரை லுயாண்டோ பாட்டை நிறுத்தவில்லை. பிறகுதான், "போயிடுச்சு அத்தை" என்றாள்.

கதவு திறந்தது. உடம்பில் துணியைச் சுற்றிக்கொண்டு, தலையெல்லாம் சோப்பு நுரையோடு அத்தை வந்தார். வராந்தாப் படியில் தொப்பென்று உட்கார்ந்து, லுயாண்டோவை இழுத்து அணைத்துக்கொண்டார்.

"பாதிக் குளியல்தான்டி ஆச்சு," என்றார் அத்தை. "மீதித் தண்ணிய அவளே குடிச்சிட்டுப் போயிட்டா."

அம்மாவுக்கு இப்போதுதான் சிரிப்பு வந்தது. சிரித்த வேகத்தில் சோல்வேயின் வாயிலிருந்து கையை எடுத்தார்.

"இப்ப கத்தலாமா?" என்று கேட்டான் சோல்வே.

"கத்துடா ராசா," என்றார் அத்தை.

அக்கரையில் நின்றிருந்த நாரைகள் எல்லாம் எழுந்து பறக்கும்படி அவன் கத்தினான்.